பதினேழாம் கதவு

மே மாதக் கொள்ளிடம்.
கரையிலிருந்து கரைக்கு வெறும் மணல்.
செருப்பைக் கழற்றாதே என்றேன்.
"பன்னிரண்டு வருஷம் ஓமான்ல கம்பி கட்டினவன்டா,
எனக்கா மணல் சுடும்?"
பத்தடியில் நொண்டினான் நஜ்முதீன்.
"அங்க பூட்ஸ் குடுப்பான்" என்று
திரும்பி வந்து மாட்டிக்கொண்டான்.

லாரிகள் தோண்டிவிட்டுப் போன பள்ளத்துக்குள் இறங்கி நடந்தோம்.
இருபுறமும் இரண்டாள் உயரச் சுவர்.
அதில் கோடுகள்: சாம்பலாய், துருச் சிவப்பாய்,
சிப்பி கலந்து வெள்ளையாய்.
எந்தக் கோடு எந்த வருஷத்து வெள்ளம் என்று
எங்கள் ஆபீஸ் பதிவேட்டில் இல்லை.
பஞ்சுருட்டான்கள் பொந்துக்குள் போய்வந்தன.

போனை நீட்டினான்.
மலை பிளந்து நிற்கிறது.
செங்கல் நிறப் பாறை, அடியில் பச்சைத் தண்ணீர்,
உச்சியிலிருந்து நூலாய் ஓர் அருவி.
தண்ணீர்மேல் வைத்த தேங்காய் மாதிரி அவன் தலை.
"மூணு மணி நேரம் நடக்கணும். இதுக்குப் பேரு வாதி."
வாதியா?
"ஆமாடா. அரபில பள்ளத்தாக்கு."

நான் கதவணையில் லஸ்கர்.
முப்பது கதவு. ஏற்றுவது, இறக்குவது,
கிரீஸ் தடவுவது, அளவுக்கல்லில் மட்டம் பார்ப்பது.
எல்லாக் கதவுக்கும் ரப்பர் மாற்றச் சொல்லி எழுதிவிட்டேன்,
பதினேழைத் தவிர.
அது ஓரமாய்க் கசியும்.
கசிவென்றால் என் தொடைத் தடிமன்,
ஆளுயரத்திலிருந்து, இரவும் பகலும்.
விழுந்து விழுந்து தளத்துக்குக் கீழே
ஒரு மடு பறித்திருக்கிறது.
கேட்டால் அடுத்த எஸ்டிமேட்டில் என்று சொல்ல
பதில் வைத்திருக்கிறேன்.
யாரும் கேட்டதில்லை.

பலகை: முதலை உள்ளது, குளிக்காதீர்.
"உள்ளதா?"
"போன வாரம் ஒண்ணு கிழக்கே போச்சு."
"திரும்பி வருமா?"
"அதுக்கு ரிஜிஸ்டர் இல்ல."
குனிந்து தடம் பார்த்தோம்.
நாய். கொக்கு. எங்கள் செருப்பு.
வால் இழுத்த கோடு இல்லை.
குதித்துவிட்டான்.

அப்போதுதான் தெரிந்தது அவனுக்கு நீச்சல் தெரியுமென்று.
ஆற்றங்கரையில் பிறந்தும்
எங்கள் இருவருக்கும் வாய்க்காத ஒன்று.
நாங்கள் பழகியிருக்க வேண்டிய வயதில்
காவிரி கோர்ட்டில் ஓடியது.
அங்கேயும் வாதி இருந்தார், பிரதிவாதி இருந்தார்,
யார் காலும் நனையவில்லை.
நாங்கள் ஆற்றுக்குள் ஸ்டம்பு நட்டோம்.
படித்துறையைத் தாண்டினால் சிக்ஸர்.

தண்ணீருக்காகவே சம்பளம் வாங்குகிறவன்
இடுப்புக்கு மேல் இறங்கியதில்லை.
வீட்டில்கூடச் சொன்னதில்லை.

"ஒரு பலூச்சிக்காரன், என்னோட சாரம் கட்டினவன்,
முதுகுக்கு அடில ரெண்டு விரல்தான் வெச்சான்.
நெஞ்சைத் தூக்கு. கழுத்தை விடு.
நீ என்ன மூட்டையா தூக்கறே? விடுடா."

விட்டேன்.
காதுக்குள் தண்ணீர் வந்து மூடியது.
மேலே நின்று இருபது வருஷம் கேட்ட பதினேழு
உள்ளே வேறு மாதிரி பேசியது,
அடுத்த அறையில் யாரோ நெல் கொட்டுவது போல,
நிறுத்தாமல், அவசரமில்லாமல்.
சாரல் உதட்டில் இரும்பாய்க் கரித்தது.
வானத்தில் ஒன்றுமே இல்லை.
விரல்களை எப்போது எடுத்தான், தெரியாது.

தெரிந்ததும் மூழ்கினேன்.
மூக்கில் ஏறியது பாசியும் கிரீஸும்.
நான் தடவிய கிரீஸ்.

இருமி முடித்துத் தளத்தில் மல்லாந்து கிடந்தோம்.
மேட்டூர் திறந்து தண்ணி வந்துட்டா
இந்த மடு எங்கேன்னு எனக்கே காட்டத் தெரியாது என்றேன்.
"அதுக்கு முன்னாடி எனக்கு டிக்கெட்" என்றான்.
பிறகு ரொம்ப நேரம்
லுங்கியைப் பிழிந்துகொண்டே இருந்தான்.

மாலைப் பதிவு:
மேல்மட்டம் நாலடி. கீழ்மட்டம் இல்லை.
கதவு 17, லேசான கசிவு.
கையெழுத்துப் போடும்போது
தாள் விரலோடு ஒட்டிக்கொண்டு கொஞ்சம் எழும்பியது.