கேள்வி பதினான்கு

சம்மாந்துறையில் எங்கள் மில்லுக்கு
கேள்விக்கொத்தோடு வந்திருந்தாள் கம்பஸ் பிள்ளை ஒருத்தி.
பதினான்காம் கேள்வி:
திறன் கூடியதால் ஏற்றுமதி செய்தீர்களா,
ஏற்றுமதி செய்ததால் திறன் கூடியதா?
இரண்டு பெட்டி. ஒன்றில் மட்டும் புள்ளடி.

முதலாளி போனில் இருந்தார்.
பேனை என் கைக்கு வந்தது.

முதல் கண்டெய்னர் போன வருசம்
எங்களிடம் திறன் இருந்ததோ தெரியாது,
பேங்குக்குக் கட்டவேண்டிய தவணை இருந்தது.
வறுத்த சிவப்பரிசி மா, ஆயிரத்து இருநூறு பெட்டி.
ஒலுவில் துறைமுகம் கூப்பிடு தூரம்தான்.
அது வாய்நிறைய மணலோடு கிடக்க
லொறி இரவிரவாகக் கொழும்புக்கு ஓடியது.

மறுகா தோஹாவிலிருந்து ஒரு படம் வந்தது.
ஒரு பிடி மா. அதன் நடுவில்
எங்கள் அரிதட்டின் கம்பி, இமைமயிர் அளவில்.
பெட்டிகள் திரும்பி வராது, இங்கேயே அழிப்போம்,
அழிக்கிற கூலியும் உங்கள் கணக்கில் என்றார்கள்.

அந்தக் கம்பி எங்களுக்குப் படிப்பித்தது, பொய்யில்லை.
ஷிப்டுக்கு ஒருமுறை அரிதட்டைக் கழற்றிப் பார்த்தோம்.
காந்தம் பூட்டினோம். ஈரம் அளக்க ஒரு மீட்டர்.
வீரமுனைக் கோமளேஸ்வரி வளையலையும்
நான் பர்தா ஊசியையும்
வாசலில் ஒரே கிண்ணத்தில் போட்டுவிட்டு உள்ளே போனோம்.
மணித்தியாலத்துக்கு நாற்பது பெட்டி
அறுபத்து மூன்றாயிற்று.

(உள்ளூர் பக்கற்றுக்கு வேறு மிஷின்.
அதில் காந்தம் இல்லை.
கல்முனையிலிருந்து யாரும் படம் அனுப்புவதில்லை.)

இதைச் சொன்னால்
இரண்டாம் பெட்டிதான் என்று நினைப்பாய்.
ஆனால் அடுத்த வளவில் உதுமாலெவ்வையின் மில்,
அதுவும் அதே வருசம்தான் மா அனுப்பியது.
அவருக்கும் ஒரு படம் வந்தது.
காந்தம் வாங்க அவரிடம் காசில்லை.
இப்போது அங்கே ஓட்டோ திருத்துகிறார்கள்,
கிறீஸ் கறைக்கு அடியில்
இன்னும் வெள்ளையாயிருக்கிறது நிலம்.
அந்த வாசலுக்கு
நீ கேள்விக்கொத்தோடு போகமாட்டாய்.
பட்டியலில் அவர் பெயர் இல்லை.

பேனையைத் திறந்து மூடினேன்.
'பிறகு நிரப்புவோம் அக்கா' என்று
அவளே தாளைப் புரட்டினாள்.

பதினைந்தாம் கேள்வி லேசு.
தற்போதைய தொழிலாளர் எத்தனை பேர்?
இருபத்தாறு என்று எழுதினேன்.
கம்பிக்கு முந்திய வருசம்
முப்பத்தொன்பது பேர் இருந்தோம்.
அதற்குக் கோடு போட்ட இடம் எதுவும்
அந்தத் தாளில் இருக்கவில்லை.