எல்லை நிர்ணயம்

வேதாளை விலக்கில் நாற்பதடிச் சுவர்.
சுண்ணாம்பு என் செலவு, கலர் அவர்கள் செலவு.
சின்னம் நான் வரைவேன்.
பெயரை வரதன் எழுதுவான், அவனுக்குத்தான்
ழகரத்தின் வளைவு கைவரும்.
ஏணி பிடிக்க ஒரு பையன்.
மூன்று பேரும் மண்டபம் முகாம்.
மூன்று பேருக்கும் ஓட்டு இல்லை.

போன தடவை எதிர்க்கட்சிக்கு வரைந்தேன்.
அதற்கு முந்தின தடவை இரண்டு பேருக்கும்,
ஒரே நாளில், சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு.
நீ யார் பக்கம் என்று ஒருவரும் கேட்கவில்லை.
அதில் ஒரு சுகம் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன்.
பக்கம் கேட்கும் ஊரில் பிறந்தவன் நான்.

கச்சான் காற்று.
ஈரப் பெயின்டில் மணல் வந்து ஒட்டிக்கொண்டிருந்த நேரம்
பேசாலையிலிருந்து அக்கா கூப்பிட்டாள்.
"இந்த வருசமும் மாகாண சபை எலக்சன் இல்லையாம் தம்பி.
எல்லை நிர்ணயம் முடியேல்லையாம்."

எல்லைக்காகத்தான் சண்டை என்றார்கள் அப்போது.
சண்டை ஓய்ந்து இத்தனை காலம் கழித்து
எல்லை வரைய ஆளில்லை என்கிறார்கள்.
சிரித்துவிட்டேன். பிரஷ் நடுங்கி
சின்னத்தின் ஓரம் கோணிப்போனது.
"கோடு போடுறது அவ்வளவு கஷ்டமோ அக்கா?
நூலை நீலத்தில தோய்ச்சு
ரெண்டு பேர் இழுத்துப் பிடிச்சு
ஒரு சுண்டு. முடிஞ்சுது."

அவள் சிரிக்கவில்லை.
சபைக் கட்டடம் இருக்கிறதாம்,
வாசலில் காவலாளி இருக்கிறாராம்,
நாற்காலிகளுக்குத் துணி உறை போட்டு
மாதா மாதம் தூசி தட்டுகிறார்களாம்.
பள்ளிக்கூடத்துக்குக் கூரைத்தகடு கேட்டு
இவள் எழுதிய கடிதம்
மூன்றாம் முறையும் திரும்பி வந்திருக்கிறது:
உரிய உறுப்பினர் ஊடாக அனுப்பவும்.

"அந்த உறுப்பினரை நான் எங்க போய்த் தேடுறது?"

அக்காவின் மகள் ஜெனிற்றாவுக்கு இருபத்தாறு.
கையில் ஒரு பிள்ளை, வயிற்றில் ஒன்று.
அந்தச் சபைக்கு ஒருமுறையும் ஓட்டுப் போட்டதில்லை.
போட்டிருந்தால் மட்டும் என்ன என்று கேட்கிறாளாம்.
அதுதான் அக்காவுக்குப் பயம்.
தகடு அல்ல. அந்தக் கேள்வி.

எனக்கு இங்கே ஒரு பட்டியல் உண்டு.
செக்கிங் நாளில் வரிசையில் நின்று
பெயர் கூப்பிட்டால் இருக்கிறேன் ஐயா.
இருக்கிறேன் என்பதற்கு அப்பால்
ஒரு சொல்லுக்கும் அதில் கட்டம் கிடையாது.
அவள் பெயர் அங்கே சரியான பட்டியலில்தான் இருக்கிறது.
கூப்பிடத்தான் ஆளில்லை.
யாருக்கு யார் ஆறுதல் சொல்வது?
போனில் இருவர் பக்கமும் கொஞ்ச நேரம் காற்று மட்டும்.

பிறகு அவள் மீன் விலை கேட்டாள்.
நான் சீலா விலை சொன்னேன்.
அங்கேயும் அதே கடல், வேறு விலை.

பொழுது சாய்ந்தபோது பாதிச் சுவர் இன்னும் வெள்ளை.
நூலின் ஒரு முனையை வரதனிடம் கொடுத்தேன்.
இழுத்துப் பிடித்து, ஒரு சுண்டு.
நீலப் பொடி தெறித்து விழுந்தது ஒரு நேர்கோடு.
போட்டோ எடுத்து அனுப்பினேன்:
எல்லை போட்டாச்சு அக்கா.
இரண்டு டிக்கும் நீலமாயின. பதில் இல்லை.

பைக்கில் வந்த வட்டச் செயலாளர்
என்னப்பா கோடு என்றார்.
அளவுக்கு என்றேன்.
சீக்கிரம், ராத்திரி அண்ணன் இந்தப் பக்கம் வருவார்.

வரதன் ஏணியில் ஏறி
அண்ணனின் பெயரை ஆரம்பித்தான்.
கோடு மறைய
மூன்று எழுத்து போதுமாயிருந்தது.