ஏழாம் மாசம்

பகவதிபுரம் தாண்டியதும் வண்டிக்கு மூச்சு வாங்கும்.
முன்னால் ஒரு எஞ்சின் இழுக்கும்,
பின்னால் ஒன்று முட்டித் தள்ளும்.
முன்னது "முடியலை, முடியலை" என்னும்.
பின்னது "போடீ, போடீ" என்னும்.
மைதீன் பாத்துதான் இதைக் கண்டுபிடித்தாள்.
வெற்றிலைச் சாறு கன்னத்தில் வழிய
எஞ்சினோடு சேர்ந்து அவளும் சொல்வாள்.

கடைசிப் பெட்டியில் நாங்கள் ஒன்பது பேர்.
ஒன்பது பேருக்கும் ஏழாம் மாசம்.

உள்பாவாடையைச் சுற்றிப் பை தைத்து
ஆளுக்கு ஆறு படி புழுங்கலரிசி.
உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது,
எழுந்தால் உட்கார முடியாது.
"மூணு வருசமா உனக்கு ஏழாம் மாசமா?"
டிக்கெட் பரிசோதகர் ஒருநாள் கேட்டார்.
"யானைச் சாதி, சாமி" என்றாள் ஏசுவடியாள்.
அவர் சிரித்துவிட்டார். அப்புறம் கேட்டதே இல்லை.

செங்கோட்டையில் அரிசியாய் ஏறுவது
சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் குற்றமாய் இறங்கும்.
நடுவில் ஒரு மைல்கூட இல்லாத இருட்டு.
அந்த இருட்டு எங்களுடையது.

பின் எஞ்சினில் கரி தள்ளுகிறவன்
ஒட்டக்கல் வறீது.
ஆரியங்காவில் ஆபீசர் நின்றால்
எதிர் வண்டிக்காரன் சொல்லிவிட்டுப் போவான்.
சுரங்க வாயில் வறீது விசில் இழுப்பான்.
ஒரு நீளம் என்றால் பயமில்லை.
ஒரு நீளமும் ரெண்டு குட்டையும் என்றால்
அவிழ், கொட்டு, பையை வெளியே தள்ளு.
ஈரத் தலைப்பை வாயில் கவ்விக்கொண்டு,
கண் முழுக்கப் புகை, பல்லில் கரி,
யார் கை யார் முடிச்சில் என்று தெரியாமல்.
கேங்மேன் பொறுக்கி வைப்பான். பாதி அவனுக்கு.
வறீதுக்கு ஒன்றும் வேண்டாம்,
கஞ்சிக்கு நார்த்தங்காய் தவிர.
பதிலுக்கு எஞ்சினிலிருந்து ஒரு தூக்கு வெந்நீர்.
அதில் போட்ட தேத்தண்ணியைப் போல்
எண்ணெயும் கரியும் மணக்க
வேறெங்கும் நான் குடித்ததில்லை.

அந்த ஐப்பசியில் எனக்கு மெய்யாகவே ஏழாம் மாசம்.
அரிசி எடுக்கவில்லை.
புனலூர் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன்.
சுரங்க வாயில் ஒரு நீளம். பிறகு ரெண்டு குட்டை.
இருட்டில் எட்டுப் பேரும் பிரசவித்தார்கள்.

வெளிச்சம் வந்தது.
ஒன்பது வயிற்றில் ஒன்றுதான் பாக்கி.

ஆபீசர் நேரே என்னிடம் வந்தான்.
கொல்லத்துக்காரன், மீசை இன்னும் முற்றவில்லை.
"இறக்கு" என்றான்.
இறக்க முடியாது என்றேன்.
டார்ச் லைட்டின் பின்பக்கத்தால்
வயிற்றில் ஒரு குத்து, லேசாகத்தான்.
உள்ளிருந்து ஒரு உதை.
டார்ச் துள்ளியது. எல்லோரும் பார்த்தோம்.
அவன் கையை எடுத்தான்.
எங்கே வைப்பது என்று தெரியாமல்
தொப்பியையும் எடுத்தான்.
எட்டுப் பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்,
கால்விரலிடுக்கில் ஒட்டிய அரிசியை
ஒவ்வொன்றாய் மறைத்தபடி.

பிள்ளைக்குப் பகவதி என்று பெயர் வைத்தோம்.
அம்மன் பெயர் என்று ஊர் நினைக்கிறது.
ஸ்டேஷன் பெயர்.

இப்போது அவள் பக்கத்தில் உட்கார்ந்து
போனில் யாரையோ திட்டிக்கொண்டு வருகிறாள்.
அகலப் பாதை. மின்சார வண்டி.
ஏற்றம் என்பதே தெரியவில்லை,
வண்டி எதையும் யாரிடமும் கேட்கவில்லை.
மைதீன் பாத்து இருந்தால்
இதற்கு என்ன வசனம் வைத்திருப்பாளோ.

சுரங்கம் வருகிறது.
நீளமாய் ஒரு ஹாரன்.

என் கை தானாக இடுப்புக்குப் போகிறது.
"சிக்னல் போச்சு" என்கிறாள் பகவதி.
"இரு" என்கிறேன்,
தலைப்பைக் கவ்விக்கொண்டு.
இன்னும் ரெண்டு வருமா என்று பார்க்கவேண்டும்.