அடுத்த மாவட்டம், நாற்பது நிமிடம்

மேசையில் ஒரு சின்ன விளக்கு.
பச்சை எரிந்தால் பேசலாம்.
மஞ்சள் வந்தால் முடிக்கப் பார்க்க வேண்டும்.
சிவப்புக்கு அப்புறம் நான் சொல்வது எதுவும் பதிவாகாது.
மொத்தம் மூன்று நிமிடம்.

என் பெயர் வெர்லீன் ஸ்ட்ராப்.
டன்மோர் மாவட்ட நீதிமன்றம், கீழ்த்தளம், இரண்டாம் சாளரம்.
முப்பத்தொரு வருடம் திருமண உரிமம் எழுதிக் கொடுத்தேன்.
நாய் உரிமமும் அதே சாளரம்தான்.
சிரிக்காதீர்கள்,
நாய்க்குத் தடுப்பூசிச் சான்று கேட்போம்.

தொண்ணூற்று மூன்று, மார்ச், ஒரு செவ்வாய்.
ஆசார்க் மலையெங்கும் பனி உருகிச் சேறு.
சேற்றுக் காலோடு மூன்று பேர் வந்தார்கள்:
ஓர் அம்மா,
இருபத்தேழு வயது ஆள் ஒருவன்,
பல்லில் கம்பி கட்டிய ஒரு பெண்.
பிறப்புச் சான்றை அம்மா நீட்டினார். பதினைந்து.
பெற்றோரில் ஒருவர் சம்மதம் போதும் என்றது படிவம்.
அம்மா ஒப்பமிட்டார்;
பேனா எழுதவில்லை, உதறிவிட்டு மறுபடியும்.
அவன் கட்டணத்தை ஒற்றை டாலர்களாய் எண்ணி வைத்தான்.
நடுவில் தூண்டில் கடை ரசீது ஒன்றும் வந்துவிட்டது,
திருப்பிக் கொடுத்தேன்.
அந்தப் பெண்ணிடம் நான் கேட்டது ஒரே கேள்வி:
"நடுப்பெயர் ஆன், கடைசியில் ஈ உண்டா?"
"உண்டு."
உனக்கு இது வேண்டுமா என்று கேட்கப் படிவத்தில் வரியில்லை.
வரியில்லாததை நான் கேட்டதில்லை.
நல்ல எழுத்தர் என்று எனக்குப் பெயர்.

ஒன்றரை வருடம் கழித்து
எதிர்ச் சாளரத்தில் நின்றாள், இடுப்பில் குழந்தை.
விவாகரத்து மனு எங்கே தருவீர்கள் என்றாள்.
பதினெட்டு ஆகவில்லையே, காப்பாளர் வந்து போட வேண்டும்.
காப்பாளர் யார்?
அன்றைக்குப் பேனாவை உதறிய அதே அம்மா.
பெண்கள் காப்பகத்தில் சிறுமிகளைச் சேர்க்க மாட்டார்கள்.
சிறுமியர் இல்லத்தில் கல்யாணமானவளைச் சேர்க்க மாட்டார்கள்.
வாடகைக்கு வீடு பிடிக்கலாம் என்றால்
அவள் கையெழுத்து செல்லாது.
எங்கேயும் செல்லாத அந்தக் கையெழுத்து
ஓரிடத்தில் மட்டும் செல்லுபடியாகியிருந்தது,
என் சாளரத்தில்.
"தலையெழுத்து" என்றாள் பக்கத்து மார்னா, குரலைத் தாழ்த்தி.
இல்லை மார்னா,
அந்த எழுத்து எனக்கு அடையாளம் தெரியும்.
நீல மை. வலப்பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கும்.

மஞ்சள்.

அதன் பிறகு பொய் சொல்லப் பழகினேன்.
கணினி படுத்துவிட்டது.
முத்திரை மை காய்ந்துவிட்டது.
நீதிபதி மீன்பிடிக்கப் போயிருக்கிறார், திங்கட்கிழமை வாருங்கள்.
பதினொரு தடவை, எண்ணி வைத்திருக்கிறேன்.
ஒன்பது தடவை அவர்கள் காரைத் திருப்பிக்கொண்டு
அடுத்த மாவட்டத்துக்குப் போனார்கள்.
நாற்பது நிமிடம்.
அங்கே மை காயவில்லை.
ஓடைப் பாலத்தில் எல்லைப் பலகை இருக்கிறது,
என் மனசாட்சி அதுவரைக்கும்தான்.
நல்ல மனசு வேண்டும் என்று கேட்க
இவ்வளவு தூரம் வண்டியோட்டி வரவில்லை, ஐயா.
பாலம் தாண்டியும் செல்கிற
ஒரு வாக்கியம் வேண்டும்.

உறுப்பினர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"மிக அரிதான சந்தர்ப்பத்தில்,
நீதிபதி அனுமதித்தால், பதினாறு?"

கோடு போட்டு இடம் விட்டால், ஐயா,
அதை நிரப்பப் பேனாவோடு யாராவது வந்துவிடுவார்கள்.
முப்பத்தொரு வருடம் அதைத்தான் பார்த்தேன்.
கோட்டையே எடுத்துவி

சிவப்பு.

வண்டி நிறுத்துமிடத்தில் சாவியைத் துழாவும்போது
நினைவுக்கு வந்தது,
சொல்ல எழுதி வைத்துச் சொல்லாமல் விட்டது.
அன்று அவள் பள்ளி வாலிபால் பனியனில் வந்திருந்தாள்.
எண் எட்டு.
நான் முத்திரையை எடுத்தபோது
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு
"மூன்றரைக்குப் பயிற்சி இருக்கு, சீக்கிரம் முடிந்துவிடுமா?"
என்று கேட்டாள்.

இதோ, முடிந்தது என்றேன்.