ஏழாம் குழி, மழைக்குப் பின்

ஞாயிறு காலை ஆறேமுக்கால்.
விடிய விடியப் பெய்த மழை
செம்பனை மட்டைகளிலிருந்து இன்னும் இறங்கி முடியவில்லை.
சுங்கை கெலாடித் தோட்டத்தின் ஒன்பது குழித் திடல்
ஊறவைத்த உளுந்தாய் உப்பிக் கிடக்கிறது.

முதல் வருடம் ஜீன்ஸ் போட்டு வந்தேன்.
மூன்றாம் குழிக்குள் அது
காலுக்கொரு கன்றுக்குட்டியைக்
கட்டி இழுப்பதுபோல் ஆயிற்று.
இப்போது பசார் மாலாமில் வாங்கிய
பதினெட்டு வெள்ளி நைலான் கால்சட்டை.
உதறினால் காயும்.
அதன் நுனியைக் காலுறைக்குள் செருகியிருக்கிறேன்.
அட்டைக்கு என் அழகு முக்கியமில்லை,
இந்த நேரத்தில் எனக்கும்தான்.

மோட்டார் சைக்கிள் மழைச்சட்டையின் கைகளை
நானே கத்தரித்தேன்.
கையோடு இருந்தபோது
கோலை ஓங்கும் ஒவ்வொரு முறையும் அது சரசரக்க
பந்தை விட்டுவிட்டு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
பையின் மேல் ஓர் உரச்சாக்கு.
தோல் கையுறை ஈரத்தில் விலாங்கு;
ஒருமுறை என் ஐந்தாம் எண் இரும்பு
பந்தைவிடத் தூரம் போய் விழுந்தது.
பழம் வெட்டுகிறவர்களின் பருத்திக் கையுறையோ
நனைய நனையப் பிடிக்கும்.

பிறகு, காலில்.
கறுப்பு. முழுக்கக் கித்தா. அடியில் குமிழ் குமிழாய்.
ஆ குவாய் கடையில், கொசுவர்த்திக்குக் கீழ்த்தட்டில்,
பன்னிரண்டு வெள்ளி.
நாலரை மணிக்கு மரம் சீவப் போகிற
வங்காளதேசத்துப் பையன்கள் போடும் சப்பாத்து.
குதிகாலைக் கடிக்கும்.
உள்ளே பழைய யோகா பாயை வெட்டிப் போட்டிருக்கிறேன்.

போன வாரம் கேப்டன் துரைசிங்கம்
என் முகத்தைப் பார்த்து வணக்கம் சொன்னார்,
காலைப் பார்த்துப் பேசினார்:
"டிரெஸ்ஸர் அம்மா, இது கிளப். வேலைக்காடு இல்லை."
விதிப்பலகையை நானும் படித்தவள்தான்.
காலர் வேண்டும். இருக்கிறது.
சப்பாத்து தகுந்ததாக இருக்க வேண்டும்.
தகுந்தது எது என்று
இந்த மண்ணைத்தான் கேட்க வேண்டும்.

ஏழாம் குழி. இடப்பக்கம் காவாய்,
வலப்பக்கம் சரிவு, களிமண்ணின் மேல் பொய்யாய் ஒரு பச்சை.
அவருடைய வெள்ளைச் சப்பாத்து
சிங்கப்பூர் மருமகன் அனுப்பியது.
முள்ளிடுக்கெல்லாம் சேறு அடைத்து
மொழுமொழுவென்று ஆகியிருந்தது.
கோலை ஓங்கினார்.
இடுப்பு திரும்பியது, தோள் திரும்பியது,
கால் மட்டும் தன் வழியே போயிற்று.
உட்கார்ந்தார்.
அவ்வளவு மரியாதையாக யாரும் சேற்றில் உட்கார்ந்து
நான் பார்த்ததில்லை.

யாரும் சிரிக்கவில்லை.
திடலைப் பார்க்கும் ரொசாக்
புல்வெட்டியை நிறுத்திவிட்டு வானத்தைப் பார்த்தார்,
மறுபடி மழை வருமா என்பதுபோல்.

கை கொடுத்தேன்.
குமிழ்கள் மண்ணைக் கவ்விக்கொள்ள
தொண்ணூறு கிலோ எழுந்தது.
கிளினிக் பழக்கத்தில் கணுக்காலை அமுக்கிப் பார்த்தேன்.
வீக்கமில்லை.
வெள்ளைக் கால்சட்டையைப் பற்றி
அவரும் பேசவில்லை, நானும்.

எட்டாம் குழிக்கு நடக்கையில்
அருகே வந்து, ரொம்பத் தாழ்ந்த குரலில்:
"பத்தாம் நம்பர் வரைக்கும் வைத்திருப்பானா?"
"பதினொன்று வரை.
காலுறை மட்டும் தடிப்பாகப் போடுங்கள்."

இவ்வளவும் சொன்னவள்
இதையும் சொல்லத்தான் வேண்டும்.
எட்டாம் குழியில், கொடிக்கு நாலடி தள்ளி,
கால் அசையாமல், கை வழுக்காமல்,
சட்டை ஒரு சத்தமும் போடாமல்
மூன்று முறை தட்டினேன்.
பந்து குழியைச் சுற்றிப் பார்த்தது.
நாலாவது தட்டில்
சலித்துப்போய் விழுந்தது.