முழங்கை அழித்த கணக்கு

காதிஸ் நகரத்தில் தொலைந்துபோக முடியாது.
எந்தத் தெருவைப் பிடித்தாலும்
கடைசியில் கடல் வந்து நிற்கிறது,
கடன் கொடுத்தவன் மாதிரி.

மூன்று முறை முயன்றேன்.
முதல் முறை, ஐஸ் ஒழுகும் ஒரு மீன்வண்டியின் ஈரத்தடம் பார்த்து.
அடுத்த முறை, வேண்டுமென்றே
எல்லா முனையிலும் இடப்பக்கம் திரும்பி.
மூன்றாவதாக,
லெவாந்தே என்று அவர்கள் திட்டும் கிழக்குக் காற்று
வரைபடத்தைப் பிடுங்கிக்கொண்டு பறக்க
அதன் பின்னால் ஓடி.
மூன்று முறையும் அதே கடல்.
நிறம் மட்டும் கொஞ்சம் முன்னே பின்னே.

தெருமுனைகளில் பழைய பீரங்கிகளை
வாய் மேலே பார்க்க நட்டிருக்கிறார்கள்.
வண்டிச் சக்கரம் வீட்டுச் சுவரைச் சிராய்க்காமல் இருக்கவாம்.
ஒன்றின் தலையில்
யாரோ பாதி குடித்த காப்பியை வைத்துவிட்டுப் போயிருந்தார்.
இன்னும் ஆவி பறந்தது.

மாலை ஐந்தரைக்கு எனக்குப் பசித்தது.
ஊரில் எந்த அடுப்புக்கும் பசிக்கவில்லை.
கதவைப் பாதி இறக்கிய உணவகத்தில்
தரை துடைத்துக்கொண்டிருந்த பெண்
எட்டரை என்பதை விரலால் சொன்னாள்:
எட்டு விரல் நீட்டி,
ஒன்பதாவதைப் பாதி மடக்கி.
சிரித்துவிட்டேன்.
வயிறு சிரிக்கவில்லை.

மூன்றாம் மாடியிலிருந்து கயிற்றில் ஒரு கூடை இறங்கியது.
கீழே காத்திருந்த பையன்
நீள ரொட்டிகள் இரண்டை அதில் நிறுத்தி வைத்தான்.
பாதி ஏறுவதற்குள் ஒன்று சரிந்து விழ,
தரை தொடுமுன் அவன் அதைப் பிடித்த அழகுக்கு
எதிர்வீட்டு பால்கனியில் கைதட்டல்.
மேலிருந்து மட்டும் வசவு. "ஈக்கர்!" என்று தொடங்கி
ஒரு முழத் தெருவுக்கு நீண்டது.
மொழி தெரியாமலே புரிந்தது,
ரொட்டியின் நுனி கடிபட்டிருந்தது.

எட்டரைக்கு
ஒரு ஜன்னல் அகலமே உள்ள மதுக்கடை.
சானோ, சானோ என்று நாலு திசையிலும் கூப்பிடுகிறார்கள்.
அவர் யாருக்கும் பதில் சொல்வதில்லை,
தட்டுதான் வருகிறது.
கடலை மாவில் கூனி இறாலைக் கண்ணோடு கரைத்து ஊற்றிய வடை;
ஓரமெல்லாம் ரவா தோசைபோல ஓட்டை ஓட்டையாய்.
வினிகரில் ஊறிப் பொரிந்த சுறா,
கடித்தால் சீரகம்.
அப்புறம் கடற்சாமந்தி.
பூவா பிராணியா என்று கேட்கத் தெரியாமல்
வாயில் போட்டேன்.
ஒரு அலை உடைந்தது.

கணக்கு எழுதுவது தாளில் இல்லை.
தட்டுக்குப் பக்கத்திலேயே, மரப்பலகையில்,
காதிடுக்கில் இருந்து எடுத்த சாக்கட்டியால்.
பதினோரு மாதம் அடுத்தவர் பேரேட்டில் பிழை தேடுகிறவன் நான்.
இந்தப் பன்னிரண்டாம் மாதத்தில்
ஒரு தள்ளுவண்டிக் குழந்தைக்கு இடம் விட்டு ஒதுங்கியபோது
என் முழங்கை
மொத்தக் கணக்கையும் துடைத்துவிட்டது.

சானோ பலகையைப் பார்த்தார்.
என் சட்டைக்கையைப் பார்த்தார்.
சாக்கட்டியை என்னிடம் நீட்டினார்.

எழுதினேன்.
இறால் வடை நான்கு. சுறா ஒரு தட்டு. பூ ஒன்று.
ஒயின்
இரண்டா, மூன்றா?
மூன்று என்று போட்டேன்.
குழந்தையின் தாய் லொரெத்தோ
காலிக் கோப்பையை என் மூக்குக்கு நேரே ஆட்டினாள்.
மூன்றாவது அவளுடையதாம்.
அவள் குனிந்து குழந்தையின் செருப்பைத் தேடிய நேரத்தில்
நான் எடுத்துக் குடித்திருக்கிறேன்.

தணிக்கைக்காரன் காது சிவந்து நின்றேன்.
அவள் என் மூன்றைக் கட்டைவிரலால் அழித்து
நான்கு என்று எழுதினாள்.
நான்காவது அவளுக்கு,
என் செலவில்.
கடை முழுக்கச் சிரித்தது.
குழந்தை மட்டும் ஒற்றைச் செருப்போடு
என்னையே முறைத்துக்கொண்டிருந்தது.

வெளியே காற்று விழுந்திருந்தது.
வலப்பக்கம் திரும்பினேன்.
கடல்தான்.
வற்றிப் பின்வாங்கியதில்
சின்னப் படகுகள் ஈர மணலில் ஒருக்களித்துக் கிடந்தன.
கைப்பிடிச் சுவரில் சாய்ந்தபோது பார்த்தேன்,
சட்டைக்கையில்
திருப்பிப் போட்ட ஒரு நான்கும்
எதற்கென்று தெரியாத ஒரு கோடும்.
வாய் இன்னும் சீரகமாக இருந்தது.