காற்று நாட்களில் மட்டும்

புன்ட்டா அரீனாஸ் படகுத்துறையில்
பயணிகள் பட்டியல் என் பொறுப்பு.
மின்சாரம் போனதும் பேட்டரி ஒரு குரல் கொடுக்கும்.
என் நிரல் அதைக் கேட்டு,
ஏறியவர்களின் பெயர்களைப் பத்திரப்படுத்திவிட்டு
அப்புறம்தான் சாக வேண்டும்.
அவ்வளவுதான் அதன் வேலை.

நவம்பரில் இரண்டு முறை
ஒன்றும் எழுதாமலே செத்தது.

எலெயுத்தேரியோ நஹுவெல்கின்
பயணச்சீட்டுக் கூண்டிலிருந்து எட்டிப்பார்த்தார்.
"காற்றடிக்கிற நாளில்தான், யாஸ்னா. அந்த..."
"எல்லாவற்றையும் எழுதி வையுங்கள்,
மாதக் கடைசியில் மொத்தமாகப் படிக்கிறேன்" என்றேன்.
கோடு போட்ட நோட்டு ஒன்றை
சொந்தக் காசில் வாங்கிக்கொண்டார்.

நான் பிளக்கைப் பிடுங்கினேன்.
வேலை செய்தது.
பிடுங்கினேன், சொருகினேன், பிடுங்கினேன்,
பதினேழு முறை.
பதினேழு முறையும் பெயர்கள் பத்திரம்.
நீரிணை அன்று கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருந்தது.
அதை எங்கும் குறித்துக்கொள்ளவில்லை.

பேட்டரியை மாற்றினேன்.
சான்டியாகோவிலிருந்து ஒருவர்
புதுப் பதிப்பைப் போடச் சொன்னார். போட்டேன்.
அன்றிரவே
தெருவோரம் கட்டிய கயிறுகளைப் பிடித்துக்கொண்டு
ஜனங்கள் நடக்கிற காற்று.
மின்சாரம் போனது, கூடவே பட்டியலும்.
எழுபத்தொரு பேரையும்
இரண்டு லாரி ஆடுகளையும்
கைவிளக்கு அடித்துத் திரும்ப எண்ணினார் எலெயுத்தேரியோ.
ஆடுகள் மூன்று தடவை வேறு வேறு கணக்கு காட்டின.

விடிய விடியக்
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன்.
குரல் வந்தபோது என் நிரலுக்கு உயிர் இருந்தது.
நின்றுகொண்டிருந்தது,
காற்றை அளந்து வா என்று தான் அனுப்பிய
பிள்ளை நிரல் திரும்பட்டும் என
வாசலையே பார்த்தபடி.
பின்கதவில் பேட்டரி தட்டுகிறது, தட்டுகிறது.
பின்கதவுக்கு ஆள் இல்லை.

சரி, பிள்ளை ஏன் வரவில்லை?

அமைதியான நாளில் அதற்குச் சொல்ல நாலே வரி.
காற்று நாளில் வீச்சுக்கு ஒரு வரி.
இரண்டுக்கும் நடுவில் ஒரு குழாய்,
நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு எழுத்து கொள்ளும்.
மறுமுனையில் யாராவது அள்ளினால் ஒழிய
அதற்குமேல் ஒரு புள்ளிகூட நுழையாது.

முடித்துவிட்டு வா, கேட்கிறேன் என்று தாய்.
கேட்டால்தானே முடிப்பேன் என்று பிள்ளை.
இதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவும்
அந்த ஒரு குழாய்தான்.
கடைசி வரியைத் தோண்டி எடுத்தேன்:
"வடமேற்"
அத்தோடு நின்றிருந்தது.

திருத்தம் ஐந்து வரிதான்.
காத்திருப்பதை வேறோர் இழையிடம் கொடுத்தேன்.
பிள்ளை பேசப் பேச வாங்கிக்கொள்,
பின்கதவைத் தாழிடாதே.
வியாழக்கிழமை நாற்பத்தெட்டு நாட் வீசியது,
ஜன்னல் கண்ணாடி உள்வாங்கி வெளிவிட்டது.
பிளக்கைப் பிடுங்கினேன்.
எல்லாப் பெயரும் வந்தது,
ஏறிவிட்டு இறங்கிப்போன ஒரு கிழவரின் பெயர் உட்பட.

கூண்டுக்குப் போனேன்.
மேஜையில் நோட்டு விரிந்து கிடந்தது.
தலைகீழாகவே படித்தேன், முதல் பக்கம், முதல் வரி:
'பலத்த காற்று. காற்றளவி அறையில்
பச்சை விளக்கு எரிந்தபடியே நிற்கிறது.
வழக்கமாக அணைந்துவிடும்.'

"கொடுங்களேன்" என்றேன்.
அவர் நோட்டை மூடி
பேனாவை அதன்மேல் குறுக்கே வைத்தார்.
"இன்று இருபத்தொன்றுதானே" என்றார்.